கணக்கு நம் பிள்ளைகளுக்கு ஏறாதா?

(தோட்டக் கமிட்டியும் மாதர் பிரிவும் பெற்றோரும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில், சங்க அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதையும் பேசுவோம். அதற்கு முன்னால் கணித பாடத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது போகப் போகத் தெரியும்.

சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரம் ஓர் அக்கா பாடசாலைக்கு வந்தார். பகல் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார். அவருடைய மகளுக்கு மற்றப் பாடங்கள் எல்லாம் சித்தி. கணிதத்தில் மட்டும் ‘டபிள்யூ’. அந்த அக்கா எங்களிடம் கேட்டது இதுதான்: “டீச்சர், நாங்க பரம்பரையா கூடை சுமந்தவங்க. எங்க பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது போல. இவளையும் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிடலாமா?”

அன்று நாங்கள் அவருக்குச் சரியான பதில் சொல்லவில்லை. “யோசிப்போம் அக்கா, அவசரப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பினோம். இன்று அந்தப் பதிலைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறோம்.

அந்த ஓர் எழுத்து என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். தாதியர் பயிற்சிக்குப் போக, கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க, எந்தப் படிவத்தைக் கையில் எடுத்தாலும் கணிதத்தில் சித்தியா என்ற கேள்வி அதில் இருக்கிறது. மற்ற எட்டுப் பாடங்களில் அந்தப் பிள்ளை பட்ட பாடெல்லாம் அந்த ஒரு கேள்வியில் நின்றுவிடுகிறது.

முதலில் எங்கள் பங்கை ஒப்புக்கொள்கிறோம்

தவறு எங்கே என்று தேடும்போது முதலில் எங்களையே பார்த்தோம். எங்களில் பலர் கணிதம் கற்பிக்கவென்று பயிற்றப்பட்டவர்கள் அல்லர். ஆள் இல்லை என்பதற்காகக் கணித பாடத்தை எடுத்தவர்கள். தெரிந்த கணக்கைக் கரும்பலகையில் செய்தோம், பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். முன்வாங்கில் இருக்கும் நாலு பேர் பதில் சொன்னால் வகுப்புக்கே விளங்கிவிட்டது என்று நினைத்தோம். பின்வாங்கில் இருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு ‘மண்டையில் ஏறாது’ என்று நாங்களும் ஆசிரியர் அறையில் சொல்லியிருக்கிறோம். அந்த அக்கா சொன்ன வார்த்தை அவருடைய சொந்த வார்த்தை இல்லை தோழர்களே. நாங்கள் சொல்லிச் சொல்லி அவர் காதில் விழுந்த வார்த்தை அது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970 களில்தான். இடையில் இருந்த வருடங்களில் நம் தாத்தா பாட்டிமாருக்குக் கிடைத்தது ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிந்த படிப்பு. அப்படி முப்பது வருடம் பின்னால் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, ‘இவர்களுக்குக் கணக்கு வராது’ என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

சரி, இது வெறும் ஆறுதல் வார்த்தைதானா, இல்லை யாராவது இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் இல்லை, தூரத்தில். ஆனால் கதையைக் கேட்டால் பக்கத்து டிவிசனில் நடந்தது போலவே இருக்கும்.

பெர்க்லியில் கண்டுபிடித்த விசயம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்ற ஊரில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. 1970 களில் அங்கே முதலாம் வருடக் கணிதத்தில் கறுப்பின மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோசமான புள்ளிகளோடு விழுந்துகொண்டிருந்தார்கள். யூரி டிரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் விரிவுரையாளர்களிடம் காரணம் கேட்டார். அவர்கள் நாலு காரணம் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஊக்கம் இல்லை, அடிப்படை போதாது, வீட்டில் படிப்புக்கு ஆதரவு இல்லை, வறுமை. நம் வலயத்துக் கூட்டங்களில் நாம் கேட்கிற அதே நாலு காரணங்கள்!

டிரைஸ்மன் அந்தப் பேச்சை அப்படியே நம்பிவிடவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும், கணிதத்தில் நன்றாகச் செய்துகொண்டிருந்த 20 சீன வம்சாவளி மாணவர்களையும் எடுத்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பக்கத்திலேயே இருந்து மாதக்கணக்கில் பார்த்தார். சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்களின் பெற்றோர் பிள்ளை பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று பாடுபட்டவர்கள். பிள்ளைகளும் சொன்னபடி மணிக்கணக்காக உட்கார்ந்து படித்தார்கள்.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. கறுப்பின மாணவர்கள் தனியாகப் படித்தார்கள். தனியாக முட்டி மோதி, தவறு எங்கே என்று தெரியாமல், பரீட்சையில்தான் அதைத் தெரிந்துகொண்டார்கள். சீன மாணவர்கள் முதலில் தனியாகப் படித்தார்கள், பிறகு இரவில் கூடினார்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள், ஒருவர் விடையை ஒருவர் பார்த்தார்கள், “உனக்கு எப்படி இந்த விடை வந்தது?” என்று வாதாடினார்கள். எல்லோருக்கும் வராத கணக்கு என்றால் அது கஷ்டமான கணக்கு என்று தெரிந்தது. தனியாக இருப்பவனோ அதே கணக்கைப் பார்த்து, தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

இதைப் பார்த்த பிறகு 1978 இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டறை தொடங்கினார்கள். ‘பின்தங்கிய மாணவர்களுக்கான வகுப்பு’ என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. பழைய கணக்கைத் திருப்பித் திருப்பிச் செய்ய வைக்கவும் இல்லை. நல்ல கஷ்டமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக உட்கார வைத்து, பேசிச் செய்ய விட்டார்கள். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள், சேராதவர்களைவிட நன்றாக உயர்ந்த புள்ளிகள் எடுத்தார்கள். பிள்ளைகள் அதே பிள்ளைகள். படிக்கும் ஏற்பாடுதான் மாறியது. இந்த முறை பிறகு பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. டிரைஸ்மன் பின்னாளில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டானா நிலையத்தை நிறுவினார். அந்த நிலையம் பாடசாலைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து கணிதக் கல்வியைச் சீர்செய்யும் வேலை செய்கிறது.

தனியாக நின்றால் அடக்கிவிடுவார்கள், சேர்ந்து நின்றால் கேட்க முடியும் என்று பெரட்டுக்களத்தில் நமக்குத் தெரிந்த விசயம்தான் இது. நாம் அதை வகுப்பறைக்குள் கொண்டுபோக மறந்துவிட்டோம்.

வாக்குரிமைக்குப் போராடியவர் கணக்குக்கு வந்த கதை

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பொப் மோசஸ். அவர் கணித ஆசிரியர். 1961 இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போய், பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிய வைக்கும் வேலையைச் செய்தார். அடி வாங்கினார், மறியலுக்கும் போனார். அங்கே வாக்காளராகப் பதிய எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். அந்த மக்களுக்குச் சரியான பள்ளிக்கூடம் கொடுக்காத அதே அரசாங்கம், ‘உங்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆகவே வாக்கு இல்லை’ என்று சொன்னது. 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்கையும் இழந்த மக்களின் பிள்ளைகளான நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே மோசஸ் 1982 இல், தன் மகள் படித்த பாடசாலையில் எட்டாம் வகுப்புக்கு அட்சரகணிதம் இல்லை என்று கண்டு, தானே அங்கே கற்பிக்கப் போனார். எழுத்துத் தெரியாதவர்களை அன்று எப்படி ஒதுக்கினார்களோ, அப்படியே கணக்குத் தெரியாதவர்களை இனி ஒதுக்குவார்கள் என்பது அவருடைய எண்ணம். பிள்ளைகளை நிலத்தடி ரயிலில் கூட்டிப்போனார். ஏறிய நிலையத்தைப் பூச்சியம் என்று வைத்தார். ஒரு பக்கம் போனால் கூட்டல், மறுபக்கம் போனால் கழித்தல். முதலில் பயணம், அதைப் படமாக வரைதல், சொந்தப் பேச்சில் சொல்லுதல், பிறகு அதை ஒழுங்கான கணித மொழியில் சொல்லுதல், கடைசியில்தான் குறியீடு. ‘அல்ஜிப்ரா புரொஜெக்ட்’ என்ற பெயரில் அந்த வேலை அமெரிக்கா முழுக்கப் பரவியது. 2021 இல் அவர் காலமாகும் வரை அதிலேயே இருந்தார்.

நம் வகுப்பில் ரயில் இல்லை. தொழிற்சாலைச் சந்தியைப் பூச்சியம் என்று வைத்தோம். மேல் லயத்துப் பிள்ளைகளுக்குக் கூட்டல் எண், கீழ் லயத்துப் பிள்ளைகளுக்குக் கழித்தல் எண். கழித்தல் மூன்றிலிருந்து கூட்டல் இரண்டுக்குப் போக எத்தனை வளைவு ஏற வேண்டும் என்று கேட்டோம். தினமும் அந்த ஏற்றத்தில் நடந்து வருகிற பிள்ளை, வாயே திறக்காத பிள்ளை, “ஐஞ்சு டீச்சர்” என்றது.

தராசு சொன்ன கணக்கு

அந்தத் தைரியத்தில் கொழுந்துத் தராசையும் வகுப்புக்குள் கொண்டுவந்தோம். கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள் இவை. காலையில் 6 கிலோ, பகல் 9 கிலோ, மாலை 6 கிலோ. மொத்தம் 21. ஒவ்வொரு நிறுவைக்கும் ஈரத்துக்கென்று 1 கிலோ கழிவு. பேரில் விழுவது 18. எல்லோரும் சரியாகச் செய்தார்கள். பிறகு குழுவாக உட்கார வைத்து, கழிவு நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டோம். காலையில் 6 இல் 1, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 17. பகல் 9 இல் 1, நூற்றுக்கு ஏறக்குறைய 11. கழிவு ஒரே அளவு, ஆனால் கொழுந்து குறைவான நேரத்தில் அது கூடக் கடிக்கிறது. வயதான அம்மாக்கள் குறைவாகப் பறிக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இது கூட விழுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

ஒரு பையன் எழுந்து, “வெயில் நாளில் கொழுந்தில் தண்ணீரே இல்லையே, அன்றைக்கும் ஏன் அதே கழிவு?” என்று கேட்டான். இன்னொரு குழு, மொத்த நிறையை ‘ம’ என்றும் எத்தனை தடவை நிறுத்தோம் என்பதை ‘த’ என்றும் வைத்து, பேரில் விழுவது ம − த என்று எழுதியது. அதுதான் அட்சரகணிதம். நாங்கள் ஒரு மாதம் கரும்பலகையில் எழுதியும் விளங்காதது, இருபது நிமிடத்தில் அவர்கள் வாயாலேயே வந்தது.

சேமலாப நிதியையும் அப்படித்தான் எடுத்தோம். ஒரு மாதச் சம்பாத்தியம் 20,000 ரூபா என்று வைத்தால், சட்டப்படி தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, அதாவது 1,600 ரூபா. நிர்வாகம் போட வேண்டியது நூற்றுக்கு 12, அதாவது 2,400. இரண்டும் சேர்ந்து 4,000. இது தவிர நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் நூற்றுக்கு 3, அதாவது 600. அன்று இரவு எத்தனை வீட்டில் சம்பளச் சீட்டை விளக்கு வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தார்கள் என்று இங்கே இருக்கும் அம்மாமாருக்குத் தெரியும்.

ஒரு விசயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கொழுந்துக் கணக்கோடு நிறுத்திவிட்டால் அது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துக் கணக்கு போதும் என்று யாரும் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. கூடையில் தொடங்கி, கொழும்பில் படிக்கிற பிள்ளை செய்கிற அதே கணக்குவரை போக வேண்டும். அதற்கு ஆசிரியர்களாகிய எங்களுக்கு உதவி தேவை. எங்களுக்குத் தெரிந்தது போதாது.

பல்கலைக்கழகத்திடம் என்ன கேட்கிறோம்

பேராதனைப் பல்கலைக்கழகம் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கான பட்டப்பின் டிப்ளோமாவைத் தமிழிலும் நடத்துகிறது. நம் உழைப்பில் வந்த பணத்தில் இவற்றுக்கும் பங்கு உண்டு. ஆகவே கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் எதைக் கேட்பது என்று தெளிவாக இருக்க வேண்டும். முன்பு ஒரு குழு வந்தது. ஒருநாள் கருத்தரங்கு, பதாகை, படம், பகல் சாப்பாடு. பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தார்கள், எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள், போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலையில் அதே கரும்பலகையின் முன்னால் அதே ஆட்களாகத்தான் நின்றோம்.

ஜப்பானில் ஆசிரியர்கள் நூறு வருடத்துக்கு மேலாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று முன்கூட்டியே யோசிப்பார்கள். ஒருவர் கற்பிப்பார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு கூடிப் பேசுவார்கள். பல நேரங்களில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து கருத்துச் சொல்லுவார். அங்கே ஆசிரியரைக் குற்றம் பிடிப்பதில்லை, பாடத்தைத்தான் திருத்துகிறார்கள்.

இதை வைத்து நம் கோரிக்கைகளை இப்படி எழுதியிருக்கிறோம்.

ஒன்று, வந்தால் ஒரே பாடசாலைத் தொகுதிக்குக் குறைந்தது மூன்று வருடம் தொடர்ந்து வர வேண்டும்.

இரண்டு, மண்டபத்தில் விரிவுரை செய்யாமல் எங்கள் வகுப்பறைக்குள் வந்து, எங்களோடு பாடத்தைத் திட்டமிட வேண்டும்.

மூன்று, பக்கத்துப் பாடசாலைக் கணித ஆசிரியர்கள் மாதம் இரண்டு தடவை கூட, வலயக் கல்வி அலுவலகம் கடமை நேரத்தையும் பஸ் செலவையும் கொடுக்க வேண்டும்.

நான்கு, பயிற்சியும் புத்தகங்களும் தமிழில் இருக்க வேண்டும்.

ஐந்து, மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் விடுமுறையில் வந்து படிப்பு வட்டங்களில் உட்கார ஏற்பாடு செய்ய வேண்டும். வகுப்பு எடுக்கும் பொறுப்பு ஆசிரியருடையதாகவே இருக்கட்டும்.

ஆறு, வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கும் குழுவில் பெற்றோர் இருவர் இருக்க வேண்டும்.

அந்த ஆறாவதைச் சிலர் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். “படிக்காத பெற்றோர் என்ன பார்ப்பார்கள்?” என்றார்கள். தராசு முள்ளைத் தூரத்திலிருந்தே வாசிக்கிறவர்கள் நம் அம்மாமார். தன் பிள்ளை வகுப்பில் பேசுகிறதா, சும்மா பார்த்து எழுதுகிறதா என்று அவர்களால் பார்க்க முடியாதா?

நாம் செய்ய வேண்டியது

பதில் கடிதம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. சனசமூக நிலையத்தில் செவ்வாய், வியாழன் மாலை ஆறரை தொடக்கம் எட்டு மணிவரை படிப்பு வட்டம் நடக்கிறது. அதற்கு மூன்று உதவி கேட்கிறோம்.

பொம்பிளைப் பிள்ளைகளையும் அனுப்புங்கள். தண்ணீர் எடுக்க, தம்பியைப் பார்க்க என்று அந்த இரண்டு மாலையும் அவர்களை நிறுத்தாதீர்கள். திரும்பி வரும்போது இருட்டு என்பதுதான் உங்கள் பயம் என்றால், இளைஞர் பிரிவு ஒவ்வொரு லயத்துக்கும் இருவரைத் துணைக்கு ஒழுங்கு செய்திருக்கிறது.

இரண்டாவது, சம்பளச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். “வாசித்துச் சொல்லு, எது ஏன் வெட்டியிருக்கிறது?” என்று கேளுங்கள். விளங்காததைத் தலைவரிடம் கொண்டு வாருங்கள். அடுத்த முறை நிர்வாகத்தோடு பேசப் போகும்போது அந்தக் கணக்கு நம் கையில் இருக்கும்.

மூன்றாவது, “நமக்கெல்லாம் கணக்கு வராது” என்ற பேச்சை வீட்டில் விடுங்கள். நாங்களும் ஆசிரியர் அறையில் அதை விட்டுவிட்டோம். யாராவது சொன்னால் எங்களைக் கேளுங்கள்.

தோழர்களே, அந்த அக்காவின் மகள் கொழும்புக்குப் போகவில்லை. இரண்டாம் தடவை கணிதம் எழுத விண்ணப்பித்திருக்கிறாள். செவ்வாய், வியாழனில் வந்து உட்காருகிறாள். தனக்குத் தெரிந்ததைத் தரம் எட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், தெரியாததை எங்களோடு சண்டை போட்டுக் கேட்கிறாள். சித்தியடைவாளா என்று இன்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் தவறினாலும், தன் மண்டையில் கோளாறு என்று அவள் நினைக்க மாட்டாள். எந்தக் கணக்கில் விழுந்தோம் என்று பார்த்து, அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து உட்காருவாள்.

அக்கா, நீங்கள் அன்று கேட்டதற்கு எங்கள் பதில் இதுதான். உங்கள் பிள்ளைக்குக் கணக்கு ஏறும். ஏறும்படி சொல்லிக் கொடுக்கும் கடமை எங்களுடையது. எங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கும் கல்வித் திணைக்களத்துக்கும் உண்டு. அதை அவர்களிடம் கேட்டு வாங்கும் வேலை நம் எல்லோருடையதும்.

கோரிக்கைக் கடிதம் தலைவரின் மேசையில் இருக்கிறது. சம்பளப் பேச்சுக்குப் போவதற்கு முன், ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். கைநாட்டு வைக்கிறவர்கள் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தி, என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வையுங்கள்.